பெட்டி மறந்த எண்

கூப்பிடும் ஓசை வந்தபோது நீரஜா கணவரின் கட்டிலருகில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதிலிருந்த கோளாறு அவளுக்கு உடனே உறைக்கவில்லை. தோளில் ஈரத்துண்டு, கையில் பாதி காலியான கஞ்சிக் கிண்ணம், இடுப்பில் செருகியிருந்த கார்ட்லெஸ் போன் கிர்ர் கிர்ர் என்று துடிக்க, "இதோ வந்துட்டேன்னா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அறை வாசலைப் பார்க்க ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகுதான் நின்றாள். கூப்பிட வேண்டியவர் எதிரிலேயே படுத்திருந்தார். பொத்தானை அழுத்த வேண்டிய அவருடைய இடது கை போர்வைக்குள் இருந்தது.

கஸ்தூரிரங்கன் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்பிவிடும் குரல். எட்டு மாதத்துக்கு முன், தொண்ணூற்றாறு மார்ச்சில், சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுதும் போயிற்று, குரலும் போயிற்று. மிஞ்சியவை மூன்றே சொற்கள். தாகத்துக்கு 'தீத்தம்'. அவளைக் கூப்பிட 'நீர'. மற்ற எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்'. அந்த மூன்றும் சமையலறை வரை எட்டாததால்தான் இந்த போன் பர்மா பஜாரிலிருந்து வந்தது. ஜப்பான் சரக்கு என்றான் கடைக்காரன். அடியில் பொடி எழுத்தில் வேறு ஏதோ தேசத்தின் பெயர் இருந்தது. பெட்டி அவர் தலைமாட்டில், ரிசீவர் அவள் இடுப்பில். பெட்டியின் பொத்தானை அவர் அழுத்தினால் ரிசீவர் ஒலிக்கும், அவர் முனகுவது அவளுக்குக் கேட்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒலித்தது. நாற்பது தடவையும் அவள் நடந்தாள்.

இப்போது ரிசீவரைக் காதில் வைத்தாள். தாரை தாரையாக மழை இறங்குவது போன்ற இரைச்சல். அதற்கு உள்ளே, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் கீச்சொலி. ஆனால் இங்கே கீச்சிட்டு ஒரு கணம் கழித்துத்தான் அங்கே கீச்சிட்டது. அதற்கும் உள்ளே, நிதானமாக, யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் இருந்தவரின் மூச்சு அப்படி நிதானமாக வந்து வெகு நாளாகிறது.

மறுநாள் காலை ராயப்பேட்டையிலிருந்து பழுது பார்க்கிற வலியுல்லா வந்தார். பெட்டியைக் கழற்றிப் பார்த்து, ஊதி, திரும்ப மூடினார்.

"ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்லம்மா. நேத்து கரண்டு பூட்ச்சா?"

"போச்சே. ரெண்டு மணி நேரம்."

"அதான். இந்தப் பொட்டிக்கும் ரிசீவருக்கும் நடுவுல ஒரு ரகசிய நம்பர் கீது. கரண்டு பூட்ச்சுன்னா பொட்டி அத மறந்துடும். ரிசீவர மேல குந்த வச்சீங்கன்னா பீப்புனு புது நம்பர் போட்டுக்கும்."

"வைக்கலேன்னா?"

"தொறந்த வூடும்மா. இதே மாதிரி போன் வச்சினு கீறவன் எவன் வேணாலும் உள்ள பூந்துடுவான். வேற தேசத்து அளவுக்குப் பண்ண மாலு இது. நம்மூர்ல இதுக்கு லைசென்ஸும் கெடையாது, கேக்கறவனும் கெடையாது." அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். "கரண்டு வந்தா மொத வேலையா குந்த வைங்க. கரண்டு இல்லாதப்ப பயமே இல்ல. அப்ப அது வெறும் பிளாஸ்டிக்கு."

இரண்டு நாள் அப்படியே செய்தாள். அவர் கூப்பிடுவதைத் தவிர வேறெந்த ஓசையும் வரவில்லை.

மூன்றாம் நாள் மழை காலையிலிருந்தே விடவில்லை. மந்தைவெளிப் பக்கம் எங்கோ வயர் அறுந்து, மதியம் போன மின்சாரம் மூன்று மணிக்குத்தான் வந்தது. அதற்குள் அவள் இரண்டு தடவை படுக்கை விரிப்பை மாற்றி, அலசி, உலர இடமில்லாமல் சமையலறையிலேயே கயிறு கட்டிப் போட்டு, அந்த ஈரத் துணிகளுக்குக் கீழே தரையில் சாய்ந்துவிட்டாள். டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாசனை. எழுந்து போய் ரிசீவரைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று தெரியும். கால் எழவில்லை. போகிறது, அப்புறம் வைக்கலாம் என்று கண்ணை மூடினாள்.

ரிசீவர் ஒலித்தது.

"நீரஜா."

முழுப் பெயர். ஓர் எழுத்துக் குறையாமல், அந்தக் கடைசி பெஞ்சுக் குரலில்.

"ரொம்பக் களைச்சுப் போயிட்டே நீ. எழுந்துக்காதே. கொஞ்ச நாழி அப்படியே உக்காந்துண்டிரு."

அவள் அழுதாள். எட்டு மாதத்தில் டாக்டர், தம்பி, பக்கத்து வீட்டார் எல்லாரும் அவரைப் பற்றித்தான் விசாரித்தார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேசுவது யார் என்று கேட்கத் தோன்றவில்லை என்றால் அது பொய். தோன்றியது. கேட்டால் அந்தக் குரல் போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அறைக்குப் போய்ப் பார்த்தாள். கஸ்தூரிரங்கன் தலைமாட்டுப் பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தார். வாயோரம் வலது பக்கமாக எச்சில் வழிந்தது.

"வேண்டாம்," என்றார்.

அன்றிலிருந்து மின்சாரம் போய் வந்தால் அவள் ரிசீவரைப் பெட்டியில் வைப்பதில்லை. ராத்திரி சார்ஜுக்கு வைத்துத்தான் ஆக வேண்டும்; வைத்தால் புது எண் விழுந்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். காலையில் ரிசீவரை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்து, இருபது எண்ணி, மறுபடி போட்டாள். பெட்டி மறந்துவிடும்.

மத்தியானம் குரல் வரும். பேச்சில் பெரிதாக ஒன்றும் இராது. புளி இருக்கிறதா, மாவு மெஷின்காரன் இன்னும் தவிட்டோடுதான் அரைக்கிறானா, சிவகாமி சித்தி கல்யாணத்தில் உன் பட்டுப்புடவையில் ரசம் கொட்டினானே ஒருத்தன், அவன் பெயர் என்ன? அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்பு தனக்கே புதிதாக இருந்தது. ஒரு நாள் குரல் கொஞ்சம் தாழ்ந்து கேட்டது.

"அவன் தூங்கிட்டானா?"

"யாரு?"

"உள்ள படுத்துண்டிருக்கானே, அவன்தான்."

சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் பதிலை வற்புறுத்தாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. தூக்கம் இல்லாததால் தனக்குத்தான் ஏதேதோ கேட்கிறது என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து தினமும் காலையில் வந்து அவரைப் புரட்டித் துடைத்துவிடும் பாஞ்சாலிதான் முதலில் கவனித்தாள்.

"அம்மா, அய்யா நாலு நாளா தண்ணியே கேக்கலியே. நேத்திக்கு உன் பேரயும் சொல்லல."

"களைப்பா இருக்கும்."

"இன்னாவோ. ஆனா இந்தச் சோத்தாங்கையப் பாரு. இத்தினி மாசமா ஐஸு மாதிரி கெடந்த கை. சுடுது."

நீரஜா தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சந்தோஷத்தில் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். செயலிழந்த பக்கம் மெல்லத் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிறது. அந்தக் குரலால்தான் வருகிறது, குரல் வந்துவிட்டது, இனிக் கையும் வரும், காலும் வரும், ஒரு நாள் முழு மனிதராக எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். அவளுக்கு அது போதும். உட்கார்ந்து பேசுகிற ஒரு கணவர்.

"எனக்கு என்னமோ பிடிக்கலம்மா," என்றாள் பாஞ்சாலி, வாளியை எடுத்துக்கொண்டு. "அய்யா அந்த போனப் பாத்துப் பாத்து அய்வுறாரு."

அழுததோடு நிற்கவில்லை. அன்று மதியம் இடது கையை நீட்டி, நகத்தால் பிறாண்டி, பெட்டியைக் கீழே தள்ளப் பார்த்தார். "வேண்டாம். வேண்டாம்." மிஞ்சியிருந்த ஒரே சொல். நீரஜாவுக்குக் கோபம் வந்தது. சோர்ந்துபோனவர்களுக்கு வருகிற, கண்மண் தெரியாத கோபம். பெட்டியைத் தூக்கி எதிர்ச் சுவரில் ஜன்னல் மேடையில் வைத்தாள், அவர் கைக்கு எட்டாத தூரத்தில். அவளைக் கூப்பிட அவருக்கு இருந்த ஒரே வழி அந்தப் பொத்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மின்சாரம் போயிற்று. தெருவே இருண்டது. மழை நின்றிருந்தது, சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. தீப்பெட்டியைத் தேடிச் சமையலறை மேடையைத் தடவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ரிசீவர் ஒலித்தது.

அவள் கை அப்படியே நின்றது.

மின்விசிறி ஓடவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. மின்சாரம் இல்லை. பெட்டி வெறும் பிளாஸ்டிக்.

ரிசீவர் விடாமல் ஒலித்தது. காதில் வைத்தாள். இரைச்சலே இல்லை. காதோரம் வாய் வைத்துப் பேசுவதுபோல் தெளிவு.

"நீரஜா. அவன்கிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"என்னது?"

"ஒரு வார்த்தை. இதோ. எடுத்துண்டாச்சு."

ஓடினாள். முழங்கால் கதவில் இடித்தது. இருட்டில் கட்டிலைத் தடவினாள். இடது கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. அவர் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. காற்று மட்டும் வந்தது. சொல் இல்லை.

"ஏன்னா. ஏன்னா, என்னைப் பாருங்கோ. நான்தான் பண்ணிட்டேன். நான்தான் திறந்து விட்டேன்."

பற்றிய கை இறுகியது. பிறகு ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.

விளக்கு வந்தது.

பூட்ட வேண்டும். இப்போதே. ஜன்னல் மேடைக்குப் பாய்ந்தாள். ரிசீவரைப் பெட்டியில் அழுத்தினாள். பீப். சிவப்புப் பொட்டு எரிந்தது. புது எண். இனி யாரும் உள்ளே வர முடியாது. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மின்விசிறி கீச்சிட்டபடி சுற்றத் தொடங்கியது.

"போயிடுத்துன்னா," என்றாள், திரும்பாமலே. "பூட்டிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே," என்றார் கஸ்தூரிரங்கன்.

கட்டில் கிறீச்சிட்டது. பாதம் தரையில் பட்டது. ஒன்று. இன்னொன்று.

பெட்டியில் இருந்த ரிசீவர் ஒலித்தது. அவள் கை தானாகப் போய் எடுத்தது. காதில் மழை இரைச்சல். வெகு தூரத்திலிருந்து, வெட்டவெளியில் நனைந்துகொண்டிருக்கிற ஒருவரின் குரல். குழறல்.

"நீர… தீத்தம்… நீர…"

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது: வெளியே வைத்துப் பூட்டியது தன் கணவரைத்தான். புரிந்து என்ன.

பின்னாலிருந்து வலது கை வந்தது. எட்டு மாதமாக அவள் தூக்கி, எண்ணெய் தடவி, மடக்கி நீட்டிய கை. ரிசீவரை அவள் பிடியிலிருந்து மெதுவாக எடுத்தது. கட்டை விரலால் பின்மூடியைத் தள்ளியது. நடுங்காத, பழகிய விரல்கள்.

"தீத்த…"

பாட்டரியை உருவியதும் அது பாதியில் நின்றது.

"போதும் நீரஜா. இனிமே நீ ஓட வேண்டாம்." அவள் உள்ளங்கையை விரித்து, பாட்டரியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கை சுட்டது. "வா, உக்காரு. நான் காபி போடறேன்."

அவர் வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். விளக்கின் சுவிட்ச் கிளிக் என்றது. பாத்திரம் ஒன்று மேடையில் உட்கார்ந்தது.

நீரஜா கட்டிலைப் பார்த்தாள். யாரும் இல்லை. போர்வை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. தலையணையில், வலது ஓரத்தில், வாயிலிருந்து எச்சில் வழிகிற இடத்தில், ஈரம் ஒரு காலணா அளவுக்கு ஊறி, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.