நாலு மணிக்கு வலி மூன்று

இப்போதெல்லாம் ஒருத்தனுக்கு உடம்பு நொந்தால் மனிதர்கள் யாரும் விசாரிப்பதில்லை. போன் விசாரிக்கிறது. அதற்குத் தினமும் பதில் சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் மாத்திரை.

தையல்கடை கட்டிங் மாஸ்டரின் போனும் மேஜைமேல் இனிமையாகப் பேசிக்கொண்டிருந்தது.

"மெதுவாக மூச்சை இழுங்கள்..."

மாஸ்டர் இழுக்கவில்லை.

சாய்வு நாற்காலியில் கிடந்தார். முகத்தின்மேல் தலையணை.

மாலை ஐந்து மணிக்குச் சீட்டாட வந்த பக்கத்து வீட்டு லிப்ட்காரர்தான் முதலில் பார்த்தார். முப்பத்தோரு வருடம் லிப்ட்டுக்குள் நின்றே முதுகெலும்பைத் தேய்த்தவர். அவருக்கும் அதே ஆப், அதே மாத்திரை. குனிந்து தலையணையை எடுத்தார்.

நிமிர முடியவில்லை!

தலையணையும் கையுமாகப் பிணத்தின்மேல் கவிந்து நின்றவரைத்தான் எதிர்வீட்டு அம்மா பார்த்துக் கத்தினாள்.

மறுநாள் காலை... ஸ்டேஷன் பெஞ்ச்.

இன்ஸ்பெக்டர் கொட்டாவிக்கு நடுவில் விவரம் சொன்னார். மாஸ்டரோடு இருந்தது அக்கா மகன் ஒருத்தன்தான். வீட்டை விற்கச் சொல்லி மாமனோடு தினமும் மல்லுக்கு நின்றவன். ஆனால் அவன் மதியம் இரண்டு மணிக்கே குடோன் வேலைக்குப் போய்விட்டான். பத்துப் பேர் சாட்சி. உயிர் போனது ஒன்றிலிருந்து ஐந்துக்குள் என்பதற்குமேல் டாக்டரால் சொல்ல முடியவில்லை.

"ஆனா நாலு மணிக்கு மாஸ்டர் உயிரோட இருந்திருக்கார், பெரியவரே. வலி பத்துக்கு எத்தனைன்னு ஆப்ல நம்பர் போட்டிருக்கார். அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள போனது நீங்க மட்டும்தான்."

"என்ன நம்பர் போட்டிருக்கார்?"

"மூணு."

லிப்ட்காரர் இடுப்பைத் தேய்த்தபடி கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் தன் மாத்திரைக்குத் தானே உலை வைத்த மாதிரி. திறக்காவிட்டால் ஜெயில்.

"அப்ப அது மாஸ்டர் போட்டதில்ல."

"ஏன், வலி குறைஞ்சிருக்கக் கூடாதா?"

"குறைஞ்சாலும் போட மாட்டோம் சார். ஏழு போட்டா நர்ஸம்மா போன் பண்ணி, நல்லதையே நினைங்கன்னு அரை மணி நேரம் உயிரை எடுக்கும். நாலுக்கு வந்தா, தேறிட்டேன்னு மாத்திரையைக் குறைச்சிருவாங்க. அதான் நானும் மாஸ்டரும் பேசி வச்சிக்கிட்டு, ஒரு வருஷமா ஆறுலயே நிக்கிறோம்."

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். லிப்ட்காரரும் எட்டிப் பார்த்தார்.

ஆறு... ஆறு... ஆறு...

மாதக்கணக்கில் ஆறு. நேற்று மட்டும் மூன்று!

கொட்டாவி நின்றது. ஆப் கம்பெனிக்கு போன் பறந்தது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அந்த மூன்று, மாஸ்டரின் போனிலிருந்து போடப்படவில்லை. அதே பாஸ்வேர்டில், வேறொரு போனிலிருந்து.

மாமனுக்கு அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்த அக்கா மகனின் போன்.

குடோனிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கிளம்புவதற்கு முன்னாலேயே மாமன் கதையை முடித்துவிட்டு, நாலு மணிக்கு மூட்டை மறைவில் நின்று நம்பரை அழுத்தியிருக்கிறான்.

"கம்மியா போட்டா நர்ஸ் போன் பண்ண மாட்டாங்கன்னு..." என்று இழுத்தான்.

லிப்ட்காரர் பெஞ்சிலிருந்து மூன்று தவணையில் எழுந்தார். சீட்டாட இனி ஆளில்லை. நாளை முதல் மாத்திரையும் சந்தேகம்தான்.

இன்ஸ்பெக்டர் வாசல்வரை வந்தார். அந்த மூச்சுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் மாத்திரையே தேவைப்படாதாம். தன் மாமியாருக்கே அதில்தான் வலி விட்டதாம்.

"உங்களைக் காப்பாத்தினதே அந்த ஆப்தான், பெரியவரே. இனிமேலாவது அதை நம்புங்க."

லிப்ட்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"செத்து ரெண்டு மணி நேரம் ஆனவனுக்கு, 'சபாஷ், நல்லா தேறிட்டு வர்றீங்க'ன்னு பதில் அனுப்பியிருக்கு சார் அது."