இறங்கும் முள்

கம்பளி நூல்கள் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன.

விமானத்தின் உடம்பு முழுக்க விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, டேப் போட்டு ஒட்டியிருந்தான். எஞ்சின் ஓடும்போது காற்று எந்த வழியாகப் போகிறது, எந்தச் சந்தில் நழுவுகிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். இப்போது எஞ்சின் ஓடவில்லை. ஷெட் வாசலில் நின்ற மரத்தில் இலைகூட அசையவில்லை. ஆனால் மூக்குப் பக்கத்து நூல்கள் பின்னோக்கியும், வால் பக்கத்து நூல்கள் முன்னோக்கியும், எல்லாம் நடுவில் இருக்கிற இருக்கையைப் பார்த்தே படுத்திருந்தன. ஒன்றை விரலால் நிமிர்த்தினான். கையை எடுத்ததும் அது மறுபடி சாய்ந்துகொண்டது.

டேப்பின் பசை இளகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அதை யோசிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. எட்டு வருஷமாக இந்தச் சனியனோடு மல்லுக்கட்டிப் பொறுமையெல்லாம் வற்றிப் போயிருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன், தான் ஏற ஒன்று கட்டிக்கொள்ளக் கூடாதா என்று ஆரம்பித்தது. இறக்கை, வால், சக்கரம் எல்லாம் ஒழுங்காக வந்தன. கழுத்தறுத்தது எஞ்சின்தான். பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, உள்ளே முக்கோணமாக ஒன்று சுற்றும். சின்ன உடம்பு, பெரிய பலம், ஆனால் அடுப்பு மாதிரி சூடு. ரேடியேட்டரை மாற்றிப் பார்த்தான். காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கினான், பிறகு சின்னதாக்கினான். ஓரத்துச் சந்துகளில் ரப்பர் வைத்து அடைத்தான். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொதித்து, ஆவி சீறி, அவன் கெட்ட வார்த்தையில் முடிந்தது.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விமானத்துக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "என் சக்களத்திக்கு இன்னைக்கும் காய்ச்சலா?" என்று கேட்டுக்கொண்டேதான் டியூட்டி முடிந்து ஷெட்டுக்குள் வந்தாள். இன்றைக்கும் கொதித்தால் நாளைக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வாங்க ஓர் ஆளிடம்கூடச் சொல்லியாயிற்று.

"இதுதான் கடைசி," என்றாள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து.

"கடைசிதான்."

"தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"ஏம்மா, ஹெட்ஃபோன் மாட்டு முதல்ல."

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. எஞ்சின் ஓடும்போது அவள் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரின் சூட்டைச் செல்சியஸில் காட்டும் மீட்டரைப் பார்த்து எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த இரைச்சலில் பேச்சு கலந்தால் எண் காதில் விழாது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் காய்ச்சலைச் சொல்வது போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்வாள். அதற்காகவே வேறு யாரையும் அவன் உட்கார வைத்ததில்லை.

கண்ணாடி மூடியை இறக்கினாள். எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது. வாலைத் தூணோடு கட்டியிருந்த கயிறு விறைத்தது. ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்து, பெட்ரோலும் சுட்ட பெயிண்டும் கலந்த நெடி தொண்டையைப் பிடித்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த வாசலை நோக்கி விசிறி சுழல, அவன் அதற்குப் பின்னால் பக்கவாட்டில் ஒதுங்கி, தன் காது ஹெட்ஃபோனில் அவள் குரலுக்காகக் காத்து நின்றான்.

"முப்பத்தேழு."

சரி, இப்போதுதானே ஆரம்பம்.

"முப்பத்தேழு," என்றாள் மறுபடியும். கொஞ்ச நேரம் கழித்தும் அதேதான்.

இந்நேரம் எழுபதைத் தாண்டியிருக்க வேண்டும். அவனுக்கு எரிச்சல் வந்தது. கொதித்தால் கொதிக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இது என்ன புதுக் கூத்து? "இன்னும் தள்ளு," என்றான். இரைச்சல் கூடியது. நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது.

"முப்பத்தாறு."

"என்னது?"

"முப்பத்தாறு. குறையுதுங்க."

த்ராட்டில் ஏற ஏறச் சூடு குறைகிறதா? ஒரு நிமிஷம் மனசு துள்ளியது. ரப்பர் அடைப்பு பலித்துவிட்டதோ? காற்று கடைசியில் வழிக்கு வந்துவிட்டதோ? விற்க வேண்டாம், ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். "இன்னும் தள்ளு!"

"முப்பத்தஞ்சு. என்னங்க, எனக்குக் குளிருது."

"நம்பர் மட்டும் சொல்லு!"

"முப்பத்தி... நாலு." பல் தந்தியடிக்கும் சத்தம் ஹெட்ஃபோனில் கேட்டது. "இந்த நம்பர் எனக்குத் தெரிஞ்ச நம்பருங்க, வார்டுல உடம்புச் சூடு பார்க்கிற நம்பர். இது எஞ்சினோடது இல்ல, இது என்..."

"எத்தனை தடவை சொல்றது! நம்பர்!"

எட்டு வருஷ ஆத்திரம் முழுக்க அந்தக் கத்தலில் இருந்தது. கத்திய பிறகு சங்கடமாகவும் இருந்தது. ஆனால் அவள் அடங்கிவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டாள்.

"முப்பத்திரண்டு."

குரல் இழுத்தது. பல் தந்தியடிப்பது நின்றிருந்தது.

"கை... வர மாட்டேங்குது," என்றாள். த்ராட்டில் இறுகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்கு எண்ணெய் போடாதது தன் தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டே குனிந்து, தண்ணீர் போகும் குழாயை உள்ளங்கையால் தொட்டான்.

கை வெந்தது.

அலறிக்கொண்டு பின்வாங்கினான். ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தது. தண்ணீரில் கலந்த கூலன்ட் கொதிக்கும் தித்திப்பு வாடை. எப்போதும் போலத்தான் கொதிக்கிறது. எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் அவள் எதைப் படிக்கிறாள்?

எஞ்சின் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்தான். குழாயில் சென்சார் இருந்தது. மீட்டருக்குப் போகும் வயர் அதில் மாட்டியிருக்கவில்லை. வயரின் நுனி, நீல டேப் சுற்றியபடி, கீழே தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் சுத்தம் பண்ணும்போது அவனே கழற்றிச் சுற்றியது. திரும்ப மாட்ட மறந்திருந்தான்.

வயர் இல்லாமல் முள் அடியில் செத்துக் கிடக்க வேண்டும்.

"முப்பது," என்றது காதில் அவள் குரல்.

பெட்ரோல் குழாயின் திருகை மூடினான். எஞ்சின் இருமியது. தடுமாறியது. நின்றது.

அமைதி. ஆவியின் சீறல். சுட்ட இரும்பு சுருங்கும் டிக், டிக்.

"இருபத்தொன்பது."

இறக்கைமேல் ஏறினான். நூல்கள் எல்லாம் இருக்கையை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன. விறைப்பாக. கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தூக்கினான். உள்ளிருந்து குளிர் முகத்தில் அறைந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். இமைமயிரில் உறைபனி. கண் மீட்டரை விட்டு அசையவில்லை. முள் இருபத்தெட்டில் நின்றது.

"ஏம்மா! எந்திரி! தப்புதான், தப்புதான், எந்திரி!"

திரும்பவில்லை. த்ராட்டில்மேல் இருந்த அவள் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான். ஃப்ரீஸரிலிருந்து எடுத்தது போல் இருந்தது. தேய்த்தான். ஊதினான். வாய்விட்டு அழுதான்.

முள் நடுங்கியது.

"இருபத்தொன்பது," என்றாள். "முப்பது. முப்பத்தொண்ணு."

ஏறியது. அவள் உதட்டில் நிறம் திரும்பியது. அவனுக்கு உயிர் வந்தது போல் இருந்தது. அவளை இழுத்து வெளியே தூக்கப் பார்த்தான். முடியவில்லை. தன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். விரல்கள் எங்கே என்றே தெரியவில்லை. மணிக்கட்டு வரை மரத்திருந்தது. பிறகு முழங்கை வரை.

"கையை எடுத்துராதீங்க," என்றாள், மீட்டரைப் பார்த்தபடியே. "நல்லா ஏறுது."

அந்த மீட்டருக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சூட்டுக்கான இன்னொரு மீட்டர் இருந்தது. சும்மா பதித்து வைத்தது. அதற்கு இதுவரை வயரே இழுக்கவில்லை. அதன் முள் அடியிலிருந்து எழுந்து, முப்பத்தேழில் போய் நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள், ஏற்ற இறக்கமில்லாமல், எண்ணை மட்டும்.