வேண்டாம் என்றொரு முகவரி

காலையிலிருந்து ஒரு குப்பை மெயில்கூடக் கண்ணில் படாததுதான் வரதனுக்கு முதலில் உறுத்தியது. வெள்ளானூரில் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து வீட்டுப் பிளான் வரைந்து பிழைக்கிறவன், பெருமைக்காகத் தன் பெயரில் ஒரு டொமைன் வாங்கிப் போட்டிருந்தான். @ குறிக்கு முன்னால் எந்தப் பெயரைப் போட்டு மெயில் அனுப்பினாலும் அவனிடம்தான் வந்து விழும். லாட்டரி விழுந்தது, வழுக்கையில் முடி முளைக்கும் என்று உலகத்தில் உள்ள வேலையற்றவன் எல்லாம் அவன் தலையில் கொட்டினான். பொறுக்க முடியாமல் நேற்றுதான் 'வேண்டாம்' என்ற பெயரில் தனி முகவரி உண்டாக்கி, குப்பையெல்லாம் நேராக அங்கே போகும்படி செய்தான்.

இப்போது திறந்தால் அந்தப் பெட்டி துடைத்து வைத்ததுபோல் காலி. யாரோ எல்லாவற்றையும் படித்து அழித்திருந்தார்கள். அவனுடைய பெட்டியில் ஒரே ஒரு மெயில். அனுப்பியது, வேண்டாம்.

"தம்பி, பேர் சொல்லிக் கூப்ட்டியே. வந்துகினு கீறேன்."

நண்பன் தினேஷின் குசும்பு என்று நினைத்துப் பாஸ்வேர்டை மாற்றினான். மதியமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளறைத் தூளியில் மகள் தூங்கினாள், வெள்ளிக்கிழமைதான் பெயர் வைக்க வேண்டும். மனைவி யுவராணி குளிக்கப் போயிருந்தாள். எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தமும், காய்ந்த ஏரியில் முதல் மழை விழும்போது கிளம்புகிற சேற்று வாடையும் மெல்ல மெல்ல முன்னறைவரை வந்து சேர்ந்தபோது, அடுத்த மெயில் வந்தது.

"உன் ஊட்டு வாசல்ல கீறேன்."

வாசலில் யாருமில்லை. படியில் மட்டும் ஈரம்.

சமையலறையில் அம்மா கன்னியம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நம்ம ஊட்ல வேண்டாம்னு யார்னா இருந்தாங்களா?"

அவள் கை நின்றது.

"உனுக்கு மின்ன பொறந்தது. மூணாவதும் பொட்டப்புள்ள. அந்தப் பேர வெச்சா அடுத்தது பையன்னாங்க. நீ பொறந்த."

"அது எங்க?"

"அப்போ ஏரி நெறையத் தண்ணி," என்றாள். மறுபடி மொச்சை உரிக்க ஆரம்பித்தாள்.

வரதன் ஓடிவந்து அந்த முகவரியை அழிக்கப் போனான். 'வேண்டாம்: நிரந்தரமாக நீக்கவா?' என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினான். பெற்றவள் செய்ததையே பிள்ளையும் செய்தான்.

கடைசி மெயில் உடனே வந்தது.

"இந்த எடமும் இல்லியா? செரி. பாப்பா எடத்த எடுத்துக்கறேன்."

குளியலறையிலிருந்து யுவராணி குரல் கொடுத்தாள். "ஏங்க, மோட்டாரப் போடுங்க. அப்போலேர்ந்து சொட்டுத் தண்ணி வரல."

ஆனால் சொட்டுகிற சத்தம் நிற்கவில்லை. உள்ளறையிலிருந்து வந்தது.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. கனமாக. சேலை நனைந்து தொங்கியது. அடியில் தரையெல்லாம் சேறு. சேலையை விலக்கினான்.

உள்ளே இரண்டு குழந்தைகள், ஒன்றையொன்று கட்டிக்கொண்டு. ஒன்றுதான் மூச்சு விட்டது. அவனைப் பார்த்து அது சிரித்தபோது, வாயிலிருந்து ஏரிச் சேறு வழிந்தது.