பட்டியலில் ஏறிய எண்

ஸ்கேன் பிரிவின் பழைய அறைக்கு மதியம் இரண்டு மணிக்குப் போனேன். ஜன்னல்கள் அடைத்திருந்தன. ஏசி முனகியது. மூலையில், தூசி படிந்து என் தங்கையின் கம்ப்யூட்டர் இருந்தது.

"நீயே லினக்ஸ் போட்டுடுப்பா. வேற யாராவது தொட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்," என்று சொல்லியனுப்பினார் மேலாளர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று உருகிப்போனேன். என்னைப் போல ஒரு முட்டாள் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற டிஸ்க், பென் டிரைவ் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரின் எண்ணை சர்வரில் உள்ள பட்டியலில் ஏற்றினால் போதும். ரீஸ்டார்ட் ஆனதும் அது நெட்வொர்க்கில் சர்வரைக் கூப்பிடும், உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொள்ளும். முடிந்ததும் எண்ணை நீக்கிவிட வேண்டும். மறந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டிலும் துடைத்துவிடும்.

நான்கு மாதம் முன்பு இந்தக் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் படங்கள் மொத்தமும் அழிந்தன. பழி தங்கை மேல் விழுந்தது. "ரீஸ்டார்ட் மட்டும்தாண்ணா பண்ணேன்," என்று அழுதாள். நான் மேலாளரை நம்பினேன். அவளைத் திட்டினேன். அந்த வாரமே உயிரை விட்டாள்.

என் லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவும் அதில் இருக்கும். அவளுடைய எண் முன்பே ஒருமுறை ஏறியிருந்தது. ஏற்றியவர் மேலாளர். படங்கள் அழிவதற்கு முதல் நாள்.

நீக்கியவரும் அவரே. அழிந்த பத்தாவது நிமிஷம்.

அவருக்கு அன்றைக்கே தெரியும்.

அவள் உடல் பக்கத்தில் என் தோளில் கைபோட்டு நின்ற மனுஷன்!

அப்போது தைல வாசனை வந்தது. தலைவலிக்கு அவள் தடவுவது.

"பாப்பா?"

அவளுடைய திரை ஒளிர்ந்தது.

அதன் மின் ஒயரை நான் இன்னும் சொருகவே இல்லை.

கதவைத் திறந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். நான் திறந்து வைத்திருந்த பதிவைக் கண்டதும் முகம் மாறியது. "அதையும் அழிச்சிடுப்பா," என்றார் மெதுவாக. "போனவ திரும்பியா வரப்போறா?"

பக்கத்து அறையில் 'பீப்' என்றது. அவருடைய கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும் சத்தம். ஓடினார்.

"ஐயோ, எல்லாம் போகுதே! எவன்டா பண்ணது?"

பட்டியலைப் பார்த்தேன். அவருடைய எண் ஏறியிருந்தது. ஏற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் கீபோர்டைத் தொடவே இல்லை.

மேலாளரைக் காட்டிக்கொடுத்த வரிகளைத் தேடினேன். ஒன்றுகூட மிச்சமில்லை. இனி பழி என் மேல்தான். பாப்பா என்னையும் விடவில்லை.

"நான் உன் அண்ணன்டி..."

அவளுடைய கீபோர்டில் ஒரு விசை தானாக அழுந்தி, எழுந்தது.