யாரும் எடுக்காத பதினோரு தொகுப்புகள்

காலை 9.10. கழித்துக்கட்ட ஒதுக்கிய பதினோரு சிறுகதைத் தொகுப்புகளை, எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிய தலைமை நூலகர் திடுக்கிட்டார். இரவல் பதிவேட்டைப் பார்த்துத் தயாரித்த பட்டியல் அது. மூன்று ஆண்டுகளாக ஒருவரும் இவற்றை எடுத்ததில்லை. ஆனால் ஒன்பது புத்தகங்களின் கடைசிப் பக்கச் சீட்டில் வரிசையாக அதே மூன்று ஆண்டுகளின் தேதி முத்திரைகள்.

பழி துணை நூலகர் தலையில் விழுந்தது. கழிக்கக் கூடாதென்று மல்லுக்கு நின்றவள் அவள்தான். முத்திரை இருக்கும் இழுப்பறையின் சாவியும் அவளிடம். நான்கு மணிக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். அவள் அழுதுகொண்டே சித்தியைக் கூப்பிட்டாள்.

11.30. சித்தி வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெண்ணே அழுதாலும் ஆறுதலுக்கு முன் கேள்விதான் கேட்பார். வாசலில் வேலை நேரப் பலகையை நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"நீ குத்தினியா?"

"சத்தியமா இல்ல சித்தி."

"இழுப்பறைக்கு வேற சாவி?"

"காவலாளி ரூம்ல ஒரு கொத்து தொங்கும்."

சீட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல் வரிசையில் மை வெளிறியிருந்தது. கீழே வரவர அடர்த்தி. தேதிகள் 3, 10, 17, 24 என்று இறங்கின.

"ராத்திரியோட ராத்திரியா குத்தித் தள்ளியிருக்காங்க மேடம்," என்றார் தலைமை நூலகர். "புக்கைக் காப்பாத்தத்தான்."

"காப்பாத்த நினைக்கிறவ ரெண்டை மட்டும் ஏன் சார் விடணும்?"

அவர் முத்திரை இல்லாத அந்த இரண்டையும் எடுத்து மறுபடி புரட்டினார்.

3.20. சித்தி காவலாளியையும் வரவழைத்தார்.

"மேல இருக்கிற மை வெளிறிப் போச்சு, கீழே இருக்கிறது புதுசு. அதனால ஒரே ராத்திரி வேலை இல்ல. காலண்டரைப் பாத்தேன். எல்லாத் தேதியும் வெள்ளிக்கிழமை. வாசல் பலகையில வெள்ளி விடுமுறைன்னு போட்டிருக்கு. அன்னைக்கு இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கறது ஒரே ஒரு ஆள். என்ன அண்ணே, சரிதானே?"

காவலாளி தொப்பியைக் கழற்றினார்.

"படிச்சா முத்திரை குத்தணும்னு பாத்திருக்கேம்மா. கதைக்கு ஒண்ணு குத்தினேன். நாவல்னா ரவுண்டுக்கு எழுந்திரிக்கும்போது பாதியில நிக்கும். மனசு அங்கேயே கிடக்கும். சிறுகதைன்னா ரெண்டு ரவுண்டுக்கு நடுவுல முடிஞ்சிடும். ஒரே புக்குல பதினஞ்சு பேரு எழுதியிருப்பாங்க, வாராவாரம் ஒரு புது ஆளு. அந்த ரெண்டு புக்கு இன்னும் பாக்கி. படிக்காம எப்படி குத்தறது?"

தப்பு செய்துவிட்டோமோ என்று அவர் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். துணை நூலகர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமை நூலகர் வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்தார். பட்டியலையும் கிழித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த அலமாரிக்கு எண் ஒட்டியவர், அதிலிருந்து ஒரு கதைகூடப் படித்ததில்லை.

"நான் படிக்கிறதா இருந்தா, இதுல முதல்ல எதைப் படிக்கலாம்?"

காவலாளி யோசித்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு சார்?"