கறிக்குத் தேறும்

கஸ்பார் குளித்துவிட்டு வந்ததும் ஈரத் துண்டைப் பிழிந்து செவிக்காயின் மேல் போட்டு மூடினார். போன வாரம்தான் அதை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தேங்காய் அளவு இருக்கும், தேங்காய்க்கு இருப்பதுபோலவே மூன்று கண். மாதா படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்துத் திருகியிருந்தார்கள். மாதாவுக்குக் காது கேட்கும் என்று கஸ்பாருக்கு நம்பிக்கை உண்டு. இதற்குக் கேட்கும் என்று, மாட்டிவிட்டுப் போன கரைக்குழுவே எழுதிக் கொடுத்திருந்தது. கரைக்குழு சொல்வதில் பாதி உண்மை இருக்கும். எந்தப் பாதி என்றுதான் யாருக்கும் தெரியாது.

"மூடினாலும் அதுக்குக் கேக்குமாம்," என்றாள் அவர் மனைவி அமலோற்பவம்.

"கேக்கட்டும். பாக்க வேண்டாம்லா."

பவளப்பட்டினத்தில் அப்போது கடல் ஏறிக்கொண்டிருந்தது. கல்லைக் கொட்டிப் பார்த்தார்கள், கல் உள்ளே போனது. காங்கிரீட் சுவர் எழுப்பினார்கள், சுவர் சாய்ந்தது, கட்டினவன் மட்டும் நிமிர்ந்தான். கடைசியில் ஒரு புது ஜாதிச் சிப்பியை வளர்த்தெடுத்தார்கள். இரை போட்ட இடத்தில் அது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஏறும். செத்த சிப்பியின் மேல் உயிருள்ள சிப்பி. கடல் ஒரு சாண் ஏறினால் சிப்பிச்சுவர் ஒன்றரைச் சாண் ஏறும். இரையை நிறுத்தினால் வருசத்துக்குள் பொடிந்து விழுந்துவிடும்.

ஊரின் முழுக் கரைக்கும் போடுவதற்கு இரை இல்லை. பாதிக் கரைக்குத்தான் காணும். யார் வாசலில் போடுவது என்பதில் மண்டை உடைந்தது. மனிதன் முடிவு செய்தால் சண்டை வரும் என்று அந்த வேலையை ஒரு இயந்திரத்திடம் விட்டார்கள். அதற்குப் பெயர் ஆசைமானி. அதன் காதுகள்தான் வீட்டுக்கு வீடு தொங்கிய செவிக்காய்கள். வருசத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால், ஒவ்வொரு ஆளிடமும் அது ஒரே கேள்வியைக் கேட்கும்: நாளைக்கு இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? சொன்ன சொல்லையும், சொன்ன குரலில் இருந்த ஏக்கத்தையும் சேர்த்து எடை போடும். எந்தத் தெருவில் ஆசை கனமாக இருக்கிறதோ அந்தத் தெருவுக்கு இரை. ஆசை இருக்கும் இடத்தில்தான் எதிர்காலம் இருக்கும் என்றார்கள். படித்தவர்கள் யோசித்த யோசனை, கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

அவர்கள் யோசிக்காத ஒன்று தெற்குக் கடற்புரம்.

தெற்குக் கடற்புரத்தில் கடலுக்குப் போகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தெரியாமல் எவனாவது கேட்டுவிட்டால் போகிறவன் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவான். வாயால் சொன்ன ஆசை கடலின் காதில் விழும், விழுந்தால் நடக்காது. இது போகும்போது. வரும்போது வேறு. வள்ளம் முங்கும் அளவுக்குச் சீலா மீன் கிடந்தாலும், கரையில் நிற்கிறவன் மீன்பாட்டை விசாரித்து "என்ன பாடு?" என்று கேட்டால், "என்ன பாடு... கறிக்குத் தேறும்" என்றுதான் பதில் வரும், வீட்டுக் குழம்புக்கு மட்டும் ஆகும் என்று. முகத்தில் ஒரு நரம்பு அசையாது. அப்பன் மகனிடம் சொன்னதும் அதுதான், மாமன் மச்சானிடம் சொன்னதும் அதுதான். கிடைத்ததைச் சொன்னால் கண் படும். முந்நூறு நானூறு வருசமாக ஒருவருக்கொருவர் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டும், நம்பாமல் தலையாட்டிக்கொண்டும் வாழ்ந்த சனம்.

இந்தச் சனத்திடம் சுவரில் தொங்கிய ஒரு தேங்காய் ஆசை என்ன என்று கேட்டது.

"எனக்கு என்ன ஆசை. ஒண்ணும் கிடையாது," என்றார் கஸ்பார். கடவுள் விட்ட வழி என்றாள் அமலோற்பவம். பக்கத்து வீட்டில் அவள் தம்பி தொம்மை, கேள்வி முடியும்வரை இருமிக்கொண்டே இருந்துவிட்டு வெளியே போய்விட்டான். தெரு முழுக்க இதே கதை.

வடக்கே பங்களாத் தெருக்களில் அப்படி இல்லை. அங்கே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார்கள். நடைபாதை வேண்டும், பூங்கா வேண்டும், சாயங்காலம் சன்னலைத் திறந்தால் கடல் காற்று மட்டும் வரவேண்டும், கடல் வரக்கூடாது. சிலர் அழுதுகூட இருக்கிறார்கள். இரை முழுவதும் வடக்கே போயிற்று.

முடிவைச் சொல்ல வந்தவள் ஆறுமுகக்கனி. கரைக்குழுவில் வேலை பார்ப்பவள், உள்ளூர்ப் பெண்தான். தெற்குக் கடற்புரம் மொத்தத்தின் ஆசையும் ஒரு பங்களாவின் ஆசையளவுகூட நிறுவையில் வரவில்லை என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை. கஸ்பார் அவளுக்குக் கடுங்காப்பி கொடுக்கச் சொன்னார். நம்பினாரா என்பது வேறு விசயம்.

வாடைக் காற்று தொடங்கியதும் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அடுப்பை மேலே தூக்கினார்கள், கட்டிலை மேலே தூக்கினார்கள். அதெல்லாம் பழக்கம்தான். தூக்க முடியாத ஒன்று இருந்தது. கரையோரத்தில் கல்லறைத் தோட்டம். அங்கே மூன்றாவது வரிசையில் கஸ்பாரின் மகள் செலஸ்தின் கிடந்தாள். காய்ச்சலில் போன பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய வயசு.

கல்லறைத் திருநாளன்று அமலோற்பவம் மெழுகுவர்த்திக் கட்டோடு போனாள். முழங்கால் தண்ணீர். முதல் வரிசைச் சிலுவைகளைக் காணோம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிரிக்காத கட்டை அப்படியே கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள். கஸ்பாரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மழைக்குள் மூன்றாவது வரிசையும் போய்விடும். கடல் தெரிந்தவருக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மறுவருசம் கேள்வி நாளுக்கு முன்னால் ஆறுமுகக்கனி வந்தாள். தான் இப்படி வந்து பேசக் கூடாது, வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டுப் பேசினாள்.

"இந்தத் தடவையாவது வாயத் தொறந்து சொல்லுங்க அண்ணாச்சி."

"சொன்னா நடக்காது தாயி."

"சொல்லாமலும் நடக்கலைல்லா."

கஸ்பாரின் மனசில் வேறொன்று ஓடியது. அவர் வயசுக்கு, என்ன வேண்டும் என்று கேட்டவன் எவனும் கொடுப்பதற்காகக் கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஓட்டுக் கேட்டவன் கேட்டான், வலை விற்றவன் கேட்டான், எதைக் காட்டினால் இவன் மடங்குவான் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். ஆசையைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி. அதை அவளிடம் சொல்லவில்லை. சரி போ என்று மட்டும் சொன்னார்.

கேள்வி வந்த அன்று அமலோற்பவம் செவிக்காயின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இயந்திரம் கேட்டது. கஸ்பார் நின்றார். அது இரண்டாம் தடவையும் கேட்டது. எதிரே தேங்காய், பக்கத்தில் மாதா, வெளியே கடல், மூன்றும் கேட்டுக்கொண்டிருந்தன.

"எம் பிள்ள நனையக் கூடாது," என்றார்.

அவ்வளவுதான். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அமலோற்பவம் செவிக்காயிடம் தன் முறைக்கு என்ன சொன்னாள் என்பதை அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அந்தத் தெருவில் சுவர்கள் மெல்லிசு. தொம்மைக்கு அது கேட்டுவிட்டது. மச்சானே சொல்லிவிட்டான் என்றால் இனி என்ன இருக்கிறது என்று அவனும் சொன்னான், அவனைக் கேட்டு அடுத்த வீடு சொன்னது. அடக்கி வைத்த சனம் ஆசைப்பட்டால் எப்படி இருக்கும்? நிறுவையே ஆடிப்போயிருக்கும்.

வடக்கே பங்களாத் தெருக்களில் அந்த வருசம் எல்லோரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, மிக்க நன்றி. ஆசைமானிக்கு நன்றியை நிறுக்கத் தெரியாது. கேட்டது கிடைத்துவிட்டவனுக்கு ஆசை ஏது? அதன் கணக்கில் தப்பே இல்லை. இரை தெற்கே திரும்பியது.

சிப்பிச்சுவர் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பெரிய மீனின் முதுகெலும்பு போல வெள்ளையாக எழுந்தது. வாடை வந்தது, கடல் வந்தது, சுவரில் மோதிவிட்டுப் போனது. திருநாளன்று மூன்றாவது வரிசையில் காய்ந்த மண்ணில் அமலோற்பவம் போன வருசத்து மெழுகுவர்த்திக் கட்டையும் சேர்த்து ஏற்றினாள். காற்றில் ஒன்றுகூட அணையாமல் இருக்கக் கஸ்பார் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு குத்தவைத்திருந்தார். கால் மரத்துப்போகும்வரை எழுந்திருக்கவில்லை. நெஞ்சிலிருந்து நங்கூரத்தை யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி வருசா வருசம் வருமே.

வடக்கே இரை இல்லாமல் சுவர் பொடிந்து பூங்காவுக்குள் தண்ணீர் நின்றது. அவர்கள் மறுபடி ஆசைப்படத் தொடங்கிவிட்டார்கள். தெற்கே இப்போது ஈரம் இல்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செலஸ்தின் நனைந்துவிடுவாள்.

கஸ்பார் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார் என்று சொன்னால் அது பொய். செவிக்காய் கேட்டது. பாடு நன்றாக இருந்த நாளில் கரையில் எவன் கேட்டாலும் என்ன சொல்வாரோ அதையே சொன்னார்.

"என்னத்த... கறிக்குத் தேறும். இன்னும் எவ்வளவோ வேண்டியிருக்கு."

தெருவே அப்படித்தான் சொன்னது. ஆசைமானி அந்தக் குரல்களைத் திருப்பித் திருப்பி நிறுத்துப் பார்த்தது. நானூறு வருசமாகத் தேய்த்து மினுக்கின பொய்யை இரண்டு வயசு இயந்திரம் எப்படிப் பிடிக்கும்? தெற்கும் கனம், வடக்கும் கனம். இரையைச் சரிபாதியாகப் பிரித்துப் போட்டது. இரண்டு சுவரும் மெலிந்துபோனாலும் நின்றன. உண்மையாகவே கறிக்குத் தேறும் அளவு.

வடக்கே தண்ணீர் வடிந்ததும் அவர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். வாய் குறை சொன்னது, குரலில் சந்தோசம் ஒழுகியது, செவிக்காய் கண்டுபிடித்துவிட்டது. அதனால் கார் ஏறித் தெற்குக் கடற்புரத்துக்குப் படிக்க வந்தார்கள். டீக்கடை பெஞ்சில் தொம்மைதான் வாத்தியார். ஓய்வுபெற்ற இஞ்சினியர் ஒருவர் ஒரு நல்ல பெருமூச்சு விடுவதற்குள் அவனுக்கு உயிர் போய்விட்டது. "சார், பேத்தி பிறந்த மாதிரி விடாதிய. பேத்தி பிறந்திருக்கு, அதை ஊருக்குத் தெரியாம மறைக்கிற மாதிரி விடுங்க," என்றான்.

ஒத்திகை நடக்கிறது என்று கரைக்குழுவுக்குத் தெரிந்துபோயிற்று. வருசத்தில் ஒரு நாள் கேட்டால்தானே ஒத்திகை? இனி எல்லா நாளும் கேட்கட்டும் என்று உத்தரவு போட்டார்கள். விளக்குக் கம்பத்தில், டீக்கடையில், பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில் செவிக்காய் காய்த்துத் தொங்கியது.

அதிலிருந்து பவளப்பட்டினத்தில் ஒருவரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. கல்யாண வீட்டில் மூன்றாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, "ஏதோ இருந்துச்சு" என்பார்கள். முதல் மார்க் வாங்கின பிள்ளை, "தப்பிச்சேன்" என்று வந்து நிற்கும். சாமியார் நன்றி ஜெபத்தை உதட்டை மட்டும் அசைத்துச் செய்தார். ஆண்டவருக்கு உதடு படிக்கத் தெரியும் என்று சைகையால் காட்டினார். ஆறுமுகக்கனிக்கு வேலை உயர்வு வந்தது. கஸ்பார் எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தபோது அவள் விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரொம்பக் கஷ்டம் அண்ணாச்சி," என்றாள். கண் மட்டும் சிரித்தது. சுவர் நின்றது. தெருக்கள் காய்ந்து கிடந்தன. ஊரே முனகிக்கொண்டு சுகமாக இருந்தது.

கஸ்பாருக்குத்தான் ஒரு குறை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அமலோற்பவத்தின் குழம்பைக்கூட அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. உப்பு ஒரு கல் தூக்கல் என்றே காலத்தை ஓட்டிவிட்டார். அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இப்போது சொல்ல வாய் ஊறுகிறது, சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அவளை வள்ளத்தில் ஏறச் சொன்னார். பொம்பளைகள் வள்ளத்தில் ஏறுகிற வழக்கம் அங்கே இல்லை. அவள் ஒரு நிமிசம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தொம்மை வாயைப் பிளந்தான்.

"என்ன மச்சான், அக்காவக் கூட்டிக்கிட்டு எங்க..." என்று ஆரம்பித்தவன் கேட்கக் கூடாத கேள்வி என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான்.

சுவரின் வாய் வழியாக வெளியே வந்து, கோயில் மணிக்கூண்டு விரல் நீளத்துக்குச் சின்னதாகும்வரை கஸ்பார் ஓட்டினார். பிறகு இஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் வள்ளத்தைத் தட்டுகிற சத்தம் தவிர வேறு இல்லை. அங்கே எந்தக் கம்பமும் இல்லை.

"ஏளா, நல்லாருக்கு," என்றார்.

"எது?"

"எல்லாந்தான். பிள்ள காய்ஞ்ச மண்ணுல கிடக்கா. வீடு, தெரு... நீ வைக்கிற குழம்பு."

அமலோற்பவம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தெறித்ததாகவும் இருக்கலாம்.

"மெதுவாச் சொல்லுங்க. கடலுக்குக் கேட்டுரும்," என்றாள்.

அப்போதுதான் கஸ்பார் சுற்றிலும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி ஒரு வள்ளம் நின்றது. அதற்கு அப்பால் இன்னொன்று. எதிலும் வலை இல்லை. ஒன்றில் பங்களாத் தெரு இஞ்சினியரும் அவர் வீட்டம்மாவும். இன்னொன்றில் கோயில் சாமியார் தனியாக, இரண்டு கையையும் விரித்து வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வள்ளங்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத இடைவெளியில் ஆடிக்கொண்டிருந்தன. எந்தக் கடலை உள்ளே விடாமல் ஊர் சுவர் எழுப்பியதோ, அதே கடலில்தான் ஊரே வந்து நின்று நல்லதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

யாரும் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கரைக்குத் திரும்பியபோது தொம்மை வந்து வள்ளத்தைப் பிடித்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு நெத்திலிகூட இல்லை. விளக்குக் கம்பத்துச் செவிக்காயை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "என்ன மச்சான் பாடு?" என்றான்.

கஸ்பார் அமலோற்பவத்துக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

"என்ன பாடு மாப்ள... கறிக்குத் தேறும்."