பேய்ப்பழம் தின்ற சிவபாண்டி

ராஜபாளையத்தில் மாரிச்செல்வி வீட்டுக்குப் பின்னால், குழாய்த் தண்ணீர் ஒழுகும் இடத்தில் ஒரு செடி முளைத்திருந்தது. அதில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாய்ப் பழுக்கும். வாயில் போட்டால் அப்படி ஓர் இனிப்பு!

செடி ஒன்று. தின்ன ஆள் மூன்று. ஐந்தாம் வகுப்பு மாரிச்செல்வி, பக்கத்து வீட்டுத் தோழி பிரிஸ்கில்லா, மாரிச்செல்வியின் ஐந்து வயதுத் தம்பி சிவபாண்டி. அவன் கை வைத்தால் ஒரு பழம் மிஞ்சாது. அதனால் பெண்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி, செடிக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏலே, இது பேய்ப்பழம். தின்னா வயித்துக்குள்ள பேய் போயிரும்" என்றாள் மாரிச்செல்வி.

சிவபாண்டி அப்படியே நம்பினான். அக்கா சொன்னால் அவனிடம் மறுபேச்சே கிடையாது. பாவம்.

ஒரு சனிக்கிழமை காலையில் பின்பக்கமிருந்து ஒரே அலறல். சிவபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அம்மா, ஆசையில பேய்ப்பழம் தின்னுட்டேன்! நான் சாகப்போறேன்!"

அம்மா யோகேஸ்வரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்ன பழம்லே? எந்தச் செடி?"

அவன் தேம்பிக்கொண்டே பின்பக்கம் கையை நீட்டினான். அங்கே நூறு செடி கிடந்தது. அதில் எது என்று யாருக்குத் தெரியும்?

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது.

"எங்க ஊருல ஊமத்தங்காயத்தான் பேய்க்காய்னு சொல்லுவோம்" என்றாள் சேத்தூர்க்காரி அய்யம்மாள்.

"ஐயோ, எங்க ஊருல அரளிக்காய அப்பிடிச் சொல்லுவாக!" என்றாள் தளவாய்புரத்துத் தங்கபாய்.

ஆளுக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு விஷம். கேட்கக் கேட்க அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள்.

மாரிச்செல்வி அம்மா பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். "சொல்லாதட்டி, அடி விழும்" என்று பிரிஸ்கில்லா இடுப்பில் கிள்ளினாள்.

அப்போது சிவபாண்டி அக்காவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, நான் செத்துட்டா என் சைக்கிள நீயே வச்சுக்கோ."

மாரிச்செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடி விழுந்தால் விழட்டும்! பின்பக்கம் ஓடினாள். இலையும் பூவும் பழமுமாக ஒரு கிளையை ஒடித்து வந்தாள்.

"இதத்தான தின்ன?"

அவன் தலையாட்டினான்.

"கறுப்பா, பச்சையா?"

"கறுப்பு. நாலு." நாக்கை நீட்டிக் காட்டினான். நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது.

"அம்மா, பேய்ப்பழம்னு ஒண்ணு கிடையாது. அவன் திங்கக்கூடாதுன்னு நாங்கதான் பொய் சொன்னோம்."

அய்யம்மாள் கிளையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "அட, மிளகுதக்காளி! நேத்துதான இந்தக் கீரையப் பருப்புல போட்டுக் கடைஞ்சேன்!"

"கடையில மணத்தக்காளின்னு சொல்லுவாக" என்றாள் தங்கபாய்.

அதற்குள் வந்துவிட்ட ஆட்டோக்கார ரெங்கமன்னார் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுல தெலுங்கு. நாங்க காமஞ்சின்னு சொல்லுவோம். எம் பொண்டாட்டி பொள்ளாச்சிக்காரி, அவ சுக்குட்டின்னு சொல்லுவா. இதுக்கே தெனம் சண்ட!"

அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். பிறகு மாரிச்செல்விக்கு நறுக்கென்று ஒரு குட்டு. பிரிஸ்கில்லாவுக்கும் பங்கு கிடைத்தது.

எல்லோரும் சிரித்தார்கள், சிவபாண்டி மட்டும் அழுதான்.

"இன்னும் ஏம்லே அழுத? அதான் மிளகுதக்காளின்னு சொல்லிட்டாகள்ல" என்றாள் அம்மா.

"அவுக சொன்னா ஆச்சா? அக்கா பேய்ப்பழம்னுல்லா சொன்னா!"

தெருவே சொன்னாலும் அவனுக்கு அக்கா சொன்னதுதான் பெரிது. மாரிச்செல்வி கிளையைத் திரும்ப வாங்கினாள். அவன் முன்னால் உட்கார்ந்து, கிளையிலிருந்த கறுத்த பழங்களை ஒவ்வொன்றாகப் பறித்துத் தின்றாள். அவன் கண் கொட்டாமல் பார்த்தான். அவள் விழுங்கி முடித்ததும் அவள் வயிற்றில் காதை வைத்தான்.

"பேய் நடக்குதாலே?"

"இல்ல. கொடகொடன்னு கேக்குது."

"அது பசி. இன்னும் சாப்பிடலைல்லா. பேயெல்லாம் இல்லடா. அக்கா பொய் சொன்னேன். மன்னிச்சுரு."

அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, அப்ப ஒன் பைக்குள்ள இருக்க தேள் பிஸ்கட்டு?"

மாரிச்செல்வி போய்ப் பையை எடுத்து வந்தாள். பையைத் திறந்து பாக்கெட்டை அவன் கையில் வைத்தாள்.

"அலமாரி மேல இருக்க பாம்பு முறுக்கு?"

அதுவும் இறங்கி வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் தேளும் இல்லை, பாம்பும் இல்லை, பேயும் இல்லை. சிவபாண்டி வயிறு மட்டும்தான் புடைத்திருந்தது.